தெளிந்த நீரும் தூய நீரும்

பாலாறு கருநாடக நாட்டு நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திர நாட்டின் ஓர் ஓரத்தைத் தொட்டு, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தினுள் புகுகின்றது. ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு, காஞ்சிபுரம் ஆகிய ஊர்ப்புறங்களைக் கடந்து வயலூருக்கு அருகில் கடலொடு கலக்கின்றது. அதன் நீளம் 348 கிலோமீட்டர். பெயர் ஆறு எனினும், ஆண்டின் பெரும்பகுதியில் அதில் ஓடும் நீரைக் காண்டல் அரிது, காண்பதெல்லாம் மணற்பரப்பே. நீர் மேலே ஓடாவிடினும் மணலுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருக்கும். முன்னாளில் அம்மணலை முழங்கை ஆழம் அகழ்ந்தால் நீர் சுரந்து நிற்கும். அதனை ஊற்று என்பர். பெண்கள் விடியற்காலையில் குடமும் கொட்டாங்கச்சியும் கொண்டு சென்று, முதலில் சுரந்த கலங்கல் நீரை இறைத்து விட்டு, பின்னர்ச் சுரந்த தெளிநீரைப் பொறுமையாக மொண்டு நிரப்புவர்.

ஆம்பூரில் கிடைத்த நடுகற்கள் அவ்வூரை ஆமையூர் என்று குறிக்கின்றன. அவை பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தன. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தன. ஆமை வாழ நீர்நிலை வேண்டுமன்றோ! எனவே நீர்வளம் பற்றி எழுந்த பெயர் அது என்று ஒருவர் கூறினால் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி வழுக்கு நிலம். அதனை இம்மட்டில் நிறுத்திக்கொள்வதே நன்று.

ஆம்பூருக்கு அணித்தாக, ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வாழ்கின்றார். அவருடைய மகள் ஊரார் ஷூ கம்பெனி என்று வழங்கும் காலணித் தொழிற்சாலையில் தையற் பணி செய்கின்றார். பேரன் பத்தாம் வகுப்பு மாணவன். வீட்டு வாயிலில் குழாய் உண்டு. மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரும், அது வாராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஊரின் மேல்நிலைத் தொட்டியில் ஏறி, அக்குழாய் வழியே இறங்கும். ஆனால் மூதாட்டி அந்நீரைப் பருகுவதில்லை. “மருந்து நாற்றம் அடிக்கிறது” என்று முகத்தைச் சுளித்துக்கொள்வார். வயற்புறத்துக் கிணறு ஒன்றிலிருந்து தமக்கென ஒரு குடம் நீர் கொணரச் செய்து அதனையே பருகுவார். அந்நீர் சிறிது உப்புக் கரிக்கும். ஆயினும் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும்.

“ஆயா, கண்ணுக்குத் தெளிவாக இருப்பதெல்லாம் நல்ல நீர் ஆகாது” என்றான் பேரன்.

“போடா கண்ணு! ஊற்று நீர் குடித்து வளர்ந்த உடம்பு இது. அதற்கு யார் மருந்து போட்டார்கள்?” என்றார் மூதாட்டி.

மூதாட்டியின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மணலின் ஊடே மெல்ல ஊர்ந்துவரும் நீர், தன்னிடமுள்ள அழுக்கையும் நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியையும் மணலிடம் விட்டு விட்டே வரும். மேலை நாட்டார் 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பொருள் செலவிட்டு அமைத்த மணல் வடிகட்டிகள் செய்த வேலையும் இதுவே. 1892-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு ஆம்பர்க்கு நகரில் வாந்திபேதி நோய் பரவி 8,600 பேர்க்கு மேல் மாண்டனர். அந்நகரம் எல்பு ஆற்று நீரை வடிகட்டாமலே வழங்கி வந்தது. அதனை அடுத்து, ஒரு தெருவே எல்லையாக அமைந்த ஆல்தோனா நகரமோ அதே ஆற்று நீரை மணலில் வடித்து வழங்கியது. அங்கே நோய் அத்துணைக் கொடுமை செய்யவில்லை. ஆம்பூர்ப் பெண்கள் கொட்டாங்கச்சியால் மொண்டதும் ஆல்தோனா நகரத்தார் வடித்துப் பருகியதும் ஒரு முறையிலேயே தூய்மை பெற்ற நீர் எனலாம். ஆனால் மூதாட்டி இன்று பருகுவது ஊற்று நீரன்று. திறந்து கிடக்கும் கிணற்று நீர். மழைக்காலத்தில் நிலத்தின்மேல் ஓடும் நீரெல்லாம் அதனுள் இறங்கும். அதனை அவர் மறந்தார்.

பேரன் தன் பள்ளி அறிவியற் கண்காட்சிக்காக இரண்டு சிறு சோதனைக் குப்பிகளைப் பெற்றிருந்தான். அக்குப்பியினுள் மருந்தூட்டிய காகிதத் துண்டு ஒன்று இருக்கும். அதில் நீரை ஊற்றி, வெப்பமான இடத்தில் ஒருநாள் இருநாள் வைத்திருந்தால், மலக்கழிவு கலந்த நீராயின் குப்பி கறுத்து விடும். குவாலியர் நகரத்து இராணுவ ஆய்வுக்கூட அறிஞர்கள் 1982-இல் வெளியிட்ட எளிய முறை அது. ஒரு குப்பியில் கிணற்று நீரையும், மற்றொன்றில் குழாய் நீரையும் ஊற்றி அடுப்பங்கரையில் வைத்தான். ஆம்பூர் வெயிலில் அடுப்பங்கரைக்குத் தனியே வெப்பம் ஊட்ட வேண்டுவதில்லை. மறுநாள் மாலை பார்த்தான். கிணற்று நீர்க் குப்பி மையெனக் கறுத்திருந்தது. அவன் எதிர்பார்த்ததே. ஆனால் குழாய் நீர்க் குப்பியும் கறுத்திருந்தது!

மூதாட்டி வாய்விட்டு நகைத்தார். பேரன் நகைக்கவில்லை. அடுத்த வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை மூன்று நாட்களாக வயிற்றுப்போக்கால் வாடிக் கிடப்பது அவனுக்குத் தெரியும். குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நீர்த்தொட்டியை நோக்கி ஓடினான்.

தொட்டியைப் பேணும் முதியவர் அவன் கூறியதைக் கேட்டுச் சினங்கொள்ளவில்லை. தம் சோதனைப் பெட்டியைத் திறந்து, சிறு கண்ணாடிக் குழலில் நீரைப் பிடித்து, அதில் சில துளி மருந்து விட்டார். நீரில் குளோரின் எஞ்சியிருந்தால் அது மஞ்சள் நிறம் கொள்ளும். நீர் நீராகவே நின்றது.

“தாத்தா, நிறம் வரவில்லையே!” என்றான் சிறுவன்.

“மருந்து செத்துப் போய் விட்டது, தம்பி. நேற்றும் அளந்துதான் போட்டேன். நிறம் பார்க்காமல் விட்டது என் பிழை” என்றார் முதியவர்.

அவர் கூறிய மருந்து வெளுப்புத்தூள். ஊரார் அதனைப் பிளீச்சிங் பவுடர் என்பர். சுண்ணாம்பில் குளோரின் வாயுவை ஏற்றி ஆக்கப்படுவது அது. புதிய தூளில் நூற்றுக்கு 33 பங்கு வரையில் பயன்தரும் குளோரின் இருக்கும். ஆனால் காற்றும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் அவ்வாற்றல் நாளுக்கு நாள் தேயும். தொட்டியடியில் இருந்த சாக்கின் வாய் அவிழ்ந்து, அடிப்புறம் மழையில் நனைந்திருந்தது. தூள் வெண்மையாகவே இருந்தது. மணமும் சிறிது இருந்தது. இருந்தும் அது பெரும்பாலும் வெறுஞ் சுண்ணாம்பாகி விட்டது. அளவு பிழையாமல் போடப்பட்ட பயனற்ற பொருள்!

நீரினால் நோய் பரவும் என்பதை உலகம் அறிந்துகொள்ள நெடுநாள் ஆயிற்று. 1854-இல் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது மருத்துவர் சான் சினோ, இறந்தவர்களின் வீடுகளைப் படத்தில் குறித்து, அவர்கள் பெரும்பாலும் ஒரே தெருக் குழாயில் நீர் பிடித்தவர்கள் என்று காட்டினார். 1884-இல் இராபர்ட்டு காக்கு என்னும் செருமானிய அறிஞர் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே அந்நோயின் கிருமியைக் கண்டார். 1903-இல் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த நெசுபீல்டு என்பவர் குடிநீரைக் குளோரினால் தூய்மை செய்யும் முறையை எழுதி வெளியிட்டார். 1908-இல் அமெரிக்க நாட்டுச் செர்சி நகரின் நீர்த்தேக்கத்தில் மருத்துவர் லீல் நாள்தோறும் குளோரின் கலக்கத் தொடங்கினார். குடிக்கும் நீரில் நஞ்சைக் கலப்பதா என்று வழக்காடினர். வழக்குமன்றம் ஆராய்ந்து, அது தீங்கற்ற முறை என்றே கண்டது. அதன்பின் அம்முறை உலகெங்கும் பரவிற்று.

குளோரின் கிருமியைக் கொல்வதோடு நில்லாது, சிறிதளவு நீரில் எஞ்சியும் நிற்கும். அவ்வெச்சமே காவல். தொட்டியில் தூய்மையாயிருந்த நீர், குழாய் வழியே செல்லுங்கால் எங்கேனும் ஒரு விரிசலில் சாக்கடை நீரை உறிஞ்சிக் கொள்ளலாம். எஞ்சிய குளோரின் அவ்விடத்துக் கிருமிகளையும் தாக்கும். ஆகவேதான் ஒரு லிட்டர் நீரில் 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருத்தல் வேண்டும் என்று இந்தியத் தர நிறுவனம் விதித்துள்ளது. மூதாட்டி வெறுத்த நாற்றம் அவ்வெச்சத்தின் நாற்றமே. மேட்டூரிலிருந்து பல நூறு ஊர்களுக்கு நெடுந்தொலைவு குழாயிற் செல்லும் நீருக்கு இக்காவல் எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

எனினும் குளோரின் குறையற்றதன்று. நீரில் தொழிற்சாலைக் கழிவிலிருந்து வந்த பீனால் என்னும் பொருள் துளியளவு இருந்தாலும், குளோரின் அதனோடு சேர்ந்து குமட்டும் சுவையை உண்டாக்கும். கழிவுநீரிலுள்ள அம்மோனியாவோடு கூடித் தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழக்கும். நீர் காரத்தன்மை மிகுந்ததாயின் அதன் வேகம் தணியும். இவற்றினும் நுண்ணியதொரு குறையை 1974-இல் இராட்டர்டாம் நகரத்து அறிஞர் உரூக்கு கண்டறிந்தார். நீரில் அழுகிய இலை தழைகளின் சாரம் இருந்தால் குளோரின் அதனோடு இணைந்து குளோரோபாரம் முதலிய பொருள்களைத் தோற்றுவிக்கும். அவை நெடுங்காலம் மிகுதியாக உடலிற் சேர்தல் நன்றன்று. இதைக் கேட்டு அஞ்சிக் குளோரினையே விட்டு விடுதல், காலில் முள் தைக்கும் என்று அஞ்சி வீட்டினுள்ளேயே பட்டினி கிடப்பதை ஒக்கும். வாந்திபேதி இன்றே கொல்லும். ஆயினும் அறிஞர்கள் வேறொரு பொருளைத் தேடியது முறையே.

அத்தகைய பொருள்களுள் ஒன்று குளோரின் டை ஆக்சைடு. குளோரின் அணு ஒன்றும் ஆக்சிசன் அணு இரண்டும் கூடியது. ஆங்கில நாட்டு அறிஞர் அம்பிரி டேவி 1811-இல் இதனைக் கண்டார். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறமுடைய வாயு. 11 பாகை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். காற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மேல் செறிந்தால் வெடிக்கும். ஆகவே இதனை உருளைகளில் அடைத்து ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்ல இயலாது. வேண்டிய இடத்தில், வேண்டிய அளவே, சோடியம் குளோரைட்டு என்னும் உப்பின் கரைசலோடு அமிலத்தையோ குளோரினையோ சேர்த்து ஆக்கி, உடனே நீரிற் கரைத்தல் வேண்டும். சோடியம் குளோரைடு என்பது நாம் சோற்றில் இடும் உப்பு. சோடியம் குளோரைட்டு என்பதோ வாயில் இடத்தகாத பொருள். பெயரின் ஈற்றில் ஓர் ஒலியே வேறுபாடு. ஒலி பிறழ்ந்தால் பொருள் பிறழும் என்று இலக்கண ஆசிரியர்கள் வற்புறுத்தியதன் பயனை வேதியியலில் கண்கூடாகக் காணலாம்.

நீரில் கரைந்தபின் குளோரின் வேறு வடிவங்களாக மாறும். குளோரின் டை ஆக்சைடோ மாறாமல் கரைந்த வாயுவாகவே நிற்கும். குளோரின் பிற பொருளோடு தானே ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. குளோரின் டை ஆக்சைடு பெரும்பாலும் ஒட்டுவதில்லை. கிருமியின் உடலிலிருந்து மின்னணுவைப் பறித்து அதனைச் சிதைக்கும். ஆதலால் மேற்கூறிய குளோரோபாரம் போன்றவை இதனால் தோன்றுவதில்லை. அம்மோனியாவோடு இது கூடுவதில்லை. காரநீரிலும் ஆற்றல் தளர்வதில்லை. குழாயின் உட்புறத்தில் வழவழவென்று படியும் கிருமிப் படலத்தினுள்ளும் நுழையும். 1944-இல் அமெரிக்க நாட்டு நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் பீனாலின் தீய சுவையை நீக்கவே இது முதலிற் பெருமளவில் பயன்படுத்தப்பட்டது. 1956-இல் பெல்சிய நாட்டுத் தலைநகராகிய பிரசல்சு, குளோரினை விட்டு இதற்கு மாறிற்று. பின்னர் ஐரோப்பாவில் பல நகரங்கள் இதனைக் கைக்கொண்டன.

குளோரினுக்கு எளிதில் அடங்காத கிரிப்டோசுபோரிடியம் என்னும் நுண்ணுயிர் ஒன்று உண்டு. 1993-இல் அமெரிக்க நாட்டு மில்வாக்கி நகரில் அது குடிநீரிற் புகுந்து ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரை நோயில் வீழ்த்தியது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அந்நகரத்துச் சிறு குழந்தைகளிடத்தும் அதனைக் கண்டறிந்துள்ளனர். குளோரின் டை ஆக்சைடு அதன்மேல் குளோரினைவிட நன்கு செயற்படும். ஆயினும் அதற்கு வேண்டும் அளவு குடிநீருக்கு ஏற்ற அளவினும் மிகும். அங்கே நல்ல வடிகட்டியும் புறஊதாக் கதிருமே துணை.

இப்பொருளுக்கும் குறை உண்டு. நீரில் தன் வேலையை முடித்தபின் பாதிக்கு மேற்பட்ட பங்கு குளோரைட்டாக எஞ்சும். அஃது அளவு மீறினால் குருதியின் செவ்வணுக்களைத் தாக்கும். ஒரு லிட்டர் நீரில் 0.7 மில்லிகிராமுக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டல். அதனைக் கருவி கொண்டு அளக்கப் பயின்றவர் வேண்டும். ஆக்கும் பொறியைப் பேணுவார் வேண்டும். சாக்கின் வாயைக் கட்டிவைக்க மறந்த இடத்தில் இப்பொறியை நிறுவினால் என்னாகும்? சிற்றூர்த் தொட்டிக்கு வெளுப்புத்தூளே இன்றும் ஏற்றது என்று கூறுவதில் தவறில்லை.

இந்த அளவை அறியாமையால் விளைந்த கேடு சிறிதன்று. நீரிலுள்ள கிருமியைக் கொல்வது உடலிலுள்ள நோயையும் கொல்லாதோ என்று சிலர் கருதினர். வேறு சிலர் அக்கருத்தை விற்றுப் பொருள் ஈட்டினர். சோடியம் குளோரைட்டுக் கரைசலைச் சர்வரோக நிவாரணி என்று பெயரிட்டு விற்றனர். அதனைப் பருகுவது வெளுப்பு மருந்தைப் பருகுவதற்கு ஒப்பாகும் என்று அமெரிக்க நாட்டு உணவு மருந்து ஆட்சித்துறை 2010-இலும் 2019-இலும் எச்சரித்தது. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது தென்னமெரிக்காவில் பொலிவியா முதலிய நாடுகளில் மக்கள் இதனை வாங்கிப் பருகினர். அந்நாட்டு நலவாழ்வு அமைச்சு தடுத்தும் பலர் கேட்கவில்லை. ஆயிரம் குடம் நீரைத் தூய்மை செய்யும் பொருளை ஒரு குவளையில் கரைத்துக் குடித்தவர்க்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் உடல்நீர் வற்றுதலுமே கிடைத்தன.

நிற்க. மூதாட்டியின் கிணற்று நீர் உப்புக் கரிப்பது ஏன்? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதல் பழந்தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் ஒன்று இருந்தது. பின்னர்க் குரோமிய உப்புக் கொண்டு பதனிடும் முறை மிகுந்தது. பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன்மேல் உப்பைத் தடவுவர். தொழிற்கூடத்தில் முதல் வேலை அவ்வுப்பை அலசிப் போக்குவது. ஒரு கிலோகிராம் தோலை ஆக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகும். அக்கழிவு பல்லாண்டுகள் நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டது. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ கெட்டது என்னும் செய்தி அத்தீர்ப்பில் உள்ளது. கெடுத்தவரே கேட்டிற்கு ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறி இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்பதையும் அத்தீர்ப்பு உறுதி செய்தது. 2025 சனவரியிலும் அந்நீதிமன்றம் பாலாற்றுக் கேட்டிற்கு இழப்பீடு வழங்குமாறு ஆணையிட்டது. தொழிற்கூடங்கள் இப்பொழுது கழிவைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்புகின்றன. ஆயினும் மண்ணில் முன்னரே இறங்கிய உப்பு எளிதில் வெளியேறாது. அத்தொழிலால் உண்டு உடுத்து வாழும் குடும்பங்களும் பல்லாயிரம். மூதாட்டியின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. எனவே இஃது ஒரு பக்கத்தாரைப் பழித்து முடித்துவிடும் செய்தி அன்று.

வெளுப்புத்தூளோ குளோரின் டை ஆக்சைடோ இவ்வுப்பை ஒரு துளியும் குறைக்காது. காய்ச்சினாலும் உப்பு போகாது. நீர் சுண்டச் சுண்டக் கரிப்பு மிகும். இன்னும் ஒன்று: குரோமியம் இருவகை வடிவில் நீரில் இருக்கும். ஒன்று பெரிதும் தீங்கற்றது, மற்றொன்று நஞ்சு. குளோரின் முன்னதைப் பின்னதாக மாற்றவும் வல்லது. கிருமிக்கு மருந்தாவதே பிறிதொரு தீமைக்குத் துணையாகக் கூடும். உப்பும் குரோமியமும் மிகுந்த நீருக்கு மருந்து தேடுவதினும், அந்நீரைக் குடிக்க எடாதிருத்தலே தக்கது. காவிரி நீரை அத்துணைத் தொலைவிலிருந்து குழாயில் கொணர நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதியவர் நனைந்த தூளை அகற்றி, தொட்டியை இறைத்துக் கழுவி, புதிய தூளைப் பெற்றுக் கரைத்தார். அரைமணி நேரம் காத்திருந்து நிறம் பார்த்தார். மஞ்சள் தோன்றிற்று. சாக்கை மூடியுள்ள பிளாசுட்டிக் கலத்தில் மாற்றிவைத்தார். சிறுவன் மீண்டும் ஒரு குப்பியில் குழாய் நீரை வைத்துப் பார்த்தான். இரண்டு நாள் கடந்தும் அது கறுக்கவில்லை. அடுத்த வீட்டுக் குழந்தை உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலாலும் மருத்துவமனைக் கவனிப்பாலும் தேறியது. நோய் அந்நீரால் வந்ததா, வேறொன்றால் வந்ததா என்று ஒருவரும் ஆராயவில்லை.

மூதாட்டி மூன்று நாள் பேசாதிருந்தார். நான்காம் நாள் கிணற்று நீர்க் குடத்தைக் கவிழ்த்து வைத்தார். குழாய் நீரைப் பிடித்து, மூடி, ஓரிரவு வைத்திருந்து பருகினார். நாற்றம் பாதி குறைந்தது என்று ஒப்புக்கொண்டார்; சுவை உண்டு என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்பொழுது காலையில் குழாய் திறந்தவுடன் முதற் செம்பை அவரே பிடிக்கின்றார். மூக்கினருகில் கொண்டுசென்று முகர்ந்து பார்க்கின்றார். ஒருநாள் ஒன்றும் மணக்கவில்லை.

“அடே கண்ணு, தொட்டிக்காரரிடம் ஓடிச் சொல்! இன்றைக்கு நாற்றம் இல்லை” என்றார்.